பைப்புக் கடை டேட்டா

சித்தூர் பைப்புக் கடையில இருந்து போன் வந்தாலே எனக்குப் பத்திக்கினு வரும். கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்ல டேட்டா அடிபட்டுப் போனா சரி பண்ணிக் குடுக்கறது என் பொழப்பு. இருக்கறது திருப்பதி, நாயுடுபேட்டை வரைக்கும் கூப்பிடுவாங்க. ஒரு தடவை சரி பண்ணிட்டா அந்தக் கடை என்னை மறந்துடணும். இந்தக் கடைக்கு மட்டும் போய்க்கினே இருந்தேன். எனக்கு மானக்கேடா இருந்துச்சு. யூபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்தது. "கரண்ட் எதுனா போச்சா?"ன்னு கேட்டா, மொதலாளியும் சரி, கணக்கு எழுதுற அந்தம்மாவும் சரி, இல்லவே இல்லைன்னு சாதிப்பாங்க.

அன்னைக்கு நான் போய் நின்னதும் மொதலாளி எடுத்த எடுப்பிலேயே, "இந்தவாட்டியோட சரி சார். நாளையில இருந்து வரவேணாம்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். ஏதோ தப்பா அமுக்குது"ன்னார். அந்தம்மா அங்கேயேதான் உக்காந்துகினு இருந்தாங்க. எதிர்ல வெவசாயத்துக்குப் பைப்பு வாங்க வந்த ரைத்துங்க வேற. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அவர் டீ சொல்லப் போனதும் அந்தம்மா மெதுவா, "நான் எதையும் தப்பா அமுக்கல சார். வீட்டுக்காரரு படுத்த படுக்கையா இருக்காரு. இந்த வயசுல எனக்கு வேற யார் சார் வேலை குடுப்பா?"ன்னாங்க. நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன்.

முதல்ல உடைஞ்ச ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்தேன். ரிப்பேர் ஓட்டினதுல பாதி வந்துச்சு, மீதியைப் பழைய பேக்கப்ல இருந்து எடுத்தேன். அப்பவும் விட்டுப்போன பில்லுங்களை அந்தம்மா பேப்பரைப் பார்த்து ஏத்தினாங்க. ஒண்ணுகூடப் பிசகல. இவங்களா தப்பா அமுக்கறவங்க! சரியான டேட்டாவைப் பென் டிரைவ்லயும் போட்டுக்கினேன்.

கடை மூடற நேரம் வந்துச்சு. மொதலாளி சாமி படத்துக்கு எதிர்ல போய் நின்னு வத்திப்பொட்டியை எடுத்தார். அந்தம்மா சட்டுனு பையைத் தூக்கிக்கினு வெளியே போயிட்டாங்க. ஸ்கிரீன்ல கணக்கு தொறந்தபடியே கிடக்குது. நான் வாயெடுக்கறதுக்குள்ள மனுஷன் கற்பூரத்தைக் காட்டி, கன்னத்துல போட்டுக்கினு, அதே கையால மெயின் ஸ்விட்சை இறக்கிட்டார். பக்கத்துக் கடை தீப்பிடிச்சதுல இருந்து மெயினை அணைக்காம ஷட்டரை இறக்கமாட்டாராம்.

"அட என்னாய்யா பண்ணித் தொலைச்ச!"ன்னு கத்தியே விட்டேன். வயசுல பெரியவர்னுகூடப் பார்க்கல. "இப்படித் தொறந்து வச்சிக்கினே அணைச்சா டேட்டா சாவாம என்ன பண்ணும்?"

கற்பூர வெளிச்சத்துல அவர் முழிச்சார். "அந்தம்மா கணக்கை மூடிட்டுத்தானே சார் வெளியே போவுது?"

அந்தம்மாவை உள்ளே கூப்பிட்டேன். "மொதலாளிதானே கும்பிட்டு முடிச்சிட்டு அதை மூடுவாரு?"ன்னாங்க.

"தினம் எதுக்கும்மா இப்படி அவசரமா ஓடறீங்க?"

அந்தம்மா தலையைக் குனிஞ்சிக்கினு சொன்னாங்க. "நான் சர்ச்சுக்குப் போறவ சார். அவரு சாமி கும்பிடறப்போ நான் கும்பிடாம உக்காந்துகினு இருந்தா அவருக்குச் சங்கடமா இருக்கும். அதான் வத்திப்பொட்டியைப் பார்த்ததும் எழுந்துடுவேன்."

மொதலாளி அந்தம்மா பக்கம் திரும்பி, "எனக்கு என்னம்மா சங்கடம்?"ன்னார். "உன் எதிர்ல கற்பூரம் காட்டினா உனக்குத்தான் ஆவாதோன்னு, நீ வெளியே போற வரைக்கும் வத்தியைக் கிழிக்காம நின்னுக்கினு இருப்பேன்."

எனக்குக் கோவம் போன இடம் தெரியல. அவரே போய் மெயினைப் போட்டார். நான் பென் டிரைவைச் சொருகி டேட்டாவைத் திரும்ப ஏத்தினேன். அந்தம்மா உக்காராம பையைப் பிடிச்சிக்கினே நின்னாங்க. நான் ஏத்தி முடிச்சதும் மொதலாளியைப் பார்த்து, "அப்போ, நாளைக்கு நான் வரட்டுமா சார்?"ன்னு கேட்டாங்க.

"வாம்மா"ன்னார் மொதலாளி. மத்தியானம் அத்தனை பேர் எதிர்ல சத்தமா பேசினவரு, அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அப்படித் திணறினார்.