மஞ்சள் புள்ளிகள்

லாயாங் லாயாங் ஊர் பின்னால் போய்விட்டது. குளுவாங் சாலையில், செம்பனை நிழல் விழும் ஓரமாகப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். அங்கே நான் வேலை பார்த்த கோழிப்பண்ணையில் தீவனம் போடப் புது மெஷின் வந்தது; ஆட்கள் தங்கிய அறையையும் காலி செய்யச் சொன்னார்கள். சண்டை ஒன்றும் இல்லை. பையில் மாற்றுச் சட்டையும் ஒரு போர்வையும் இருந்தன. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்ட நாளிலிருந்து பல இடங்களை விட்டு இப்படி நடந்திருக்கிறேன். கால்களுக்கு அது பழகிவிட்டது.

ஒரு லாரி என்னைத் தாண்டிப் போய் நின்றது. பின்னால், பழம் உதிர்த்த செம்பனைக் குலைகளின் நார் மலையாகக் குவிந்திருந்தது. என் வயதுக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டினார்.

"எங்கண்ணே, நடந்தே சிங்கப்பூரா?"

"குளுவாங்."

"வேலைக்கா?"

"கெடச்சா."

"அப்ப ஏறுங்க. இத இறக்க ஒரு ஆளு வேணும். சாப்பாடு எங்கக்கா போடுவாங்க. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

போகும் வழியில் தொழிலைச் சொன்னார். அக்கா முன்பு ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். இப்போது சொந்தமாகக் கொட்டகை போட்டு, செம்பனை எண்ணெய் மில்லில் வீசி எறியும் இந்த நாரை அரைத்து, அவித்து, அதில் பூஞ்சணம் வளர்க்கிறார். நாரைத் தின்பதற்காகப் பூஞ்சணம் ஒரு சாற்றை விடும். நொதி என்பது அதில்தான் இருக்கிறது. அதைக் கழுவி வடித்துத் தீவனத்தில் கலந்தால், கோழிக்குச் செரிக்காததும் செரிக்கும்.

"ஊர்ல எல்லாரும் சோத்துல பூசணம் பிடிக்கக்கூடாதுன்னு பாடுபடுறாங்க. எங்கக்கா பிடிக்கலையேன்னு கவலப்படுது" என்று சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. முந்தைய இரண்டு முறையும் வேறொரு மஞ்சள் பூஞ்சணம் புகுந்துவிட்டதாம். அதன் விஷம் கோழிக்கு ஆகாது என்று மொத்தத்தையும் எரித்திருக்கிறார்கள். "தீவன பேக்டரிக்காரரு இந்த ஒரு தடவதான் பார்ப்பேன்னுட்டாரு. இதுவும் போச்சுன்னா கொட்டகைய மூட வேண்டியதுதான்."

குளுவாங்குக்கு வெளியே இருந்தது கொட்டகை. அவர் லாரியைப் பின்புறமாகத் திருப்பிக்கொண்டிருக்க, நான் முன்வாசலில் இறங்கினேன். அக்கா பூஞ்சண அறையின் வாசலில் நின்றிருந்தார். ஜொகூர் பாருவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அன்றுதான் திரும்பியிருந்தார். கையில், பூஞ்சணம் வளரும் தட்டுகளை மூடும் வெள்ளைத் துணி. அதில் மஞ்சள் புள்ளிகள்.

"நீங்க யாருங்க?"

"நார் இறக்க வந்தேங்க."

"நார் வேணாம். உள்ள இருக்கிற தட்டையெல்லாம் வெளிய எடுத்து வைங்க. எரிச்சிடலாம்."

அழவில்லை. முகமூடியும் கையுறையும் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். இடித்துத் தள்ளும் வேலைகள் நான் நிறையச் செய்திருக்கிறேன். அதில் ஒரு வசதி, தவறு செய்தாய் என்று யாரும் திட்டமாட்டார்கள். முன் அடுக்கிலிருந்து ஒரு தட்டைத் தூக்கினேன். நாரின் மேல் வெண்மை படர்ந்திருந்தது. நடுவே ஆங்காங்கே மஞ்சள் திட்டு. தட்டு கையுறையைத் தாண்டிச் சுட்டது.

வெளியே கொண்டுவந்து வைத்தபோது தம்பி லாரியை நிறுத்திவிட்டு வந்தார். குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

"அக்கா... இது மஞ்சத் தண்ணி."

"எது?"

"வெள்ளிக்கிழம நீ இல்லல்ல? புது அரவ மெஷினுக்குப் பூஜ போட்டேன். மாவெலையில தெளிச்சேனா, அப்படியே இந்த ரூமுக்கும்... ரெண்டு தடவ கெட்டுப்போச்சே, கண்ணு பட்டிருக்கும்னு."

"துணி போட்டு மூடியில்ல வச்சிருந்தேன்?"

"தொறந்துதான் தெளிச்சேன். மூடி வச்சா எப்படிக்கா சாமி பார்க்கும்?"

"நீ சொன்னா நான் நம்பிடணுமா?"

அக்கா குழாயடிக்குப் போனார். துணியின் ஓரத்தைச் சோப்பில் தேய்த்தார். மஞ்சள் புள்ளி மெல்லச் சிவந்து, ஆரத்தித் தண்ணீரின் நிறத்துக்கு வந்தது. இன்னொரு புள்ளி. அதுவும் சிவந்தது. திட்டு விழுந்த நாரிலிருந்து கொஞ்சம் கிள்ளிப்போட்டார். நுரை சிவப்பாக வழிந்தது.

"பூஞ்சணம் சோப்புல செவக்காதுடா" என்று சொல்லி அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் கோபம் வந்தது.

"அலமாக்! இதுல பூசணந்தான்டா வளரணும். மஞ்சள் அதுக்கு ஆகாதுன்னு தெரியாதா? அதையா கொண்டாந்து தெளிப்ப?"

"கொஞ்சூண்டுதான்கா."

"அடுத்த தடவ குங்குமமும் வச்சி மாலையும் போட்டுடு."

தம்பி தலையைச் சொறிந்தார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நிற்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகமூடிக்குள் நானும் சிரித்தேன்.

மஞ்சள் பட்ட முன் அடுக்குத் தட்டுகளை மட்டும் உரக்குழியில் கொட்டினோம். பின் அடுக்குகள் தம்பியின் கைக்கு எட்டவில்லை போலும். அங்கே துணியை நீக்கினால் பஞ்சு விரித்த மாதிரி வெள்ளை. அக்கா ஒவ்வொரு தட்டின் அடியிலும் கை வைத்துப் பார்த்தார். "சூடு இருக்கு, உசுரோட இருக்கு" என்றார். சாப்பாடு போட்டபோது எனக்கு இரண்டாவது முட்டையும் வைத்தார். நாரையும் இறக்கி முடித்தேன். போவதா இருப்பதா என்று யாரும் கேட்கவில்லை. சாக்கு அடுக்கிய அறையில் போர்வையை விரித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அக்கா வேலையைக் காட்டினார். வளர வளரப் பூஞ்சணம் தன் சூட்டிலேயே வெந்துபோகுமாம். தட்டுத் தட்டாக நாரைக் கிளறி, கட்டியை விரலால் உடைத்து, சூட்டை வெளியே விட வேண்டும். "புட்டு மாவு பிசறுற மாதிரி. அழுத்தக்கூடாது." கையைக் கழுவிக் கையுறை மாட்டிக்கொண்டு, கடைசி அடுக்கிலிருந்து கிளற ஆரம்பித்தேன்.