பழம் வெச்ச நாளெல்லாம் பாஸ்

இளவரசிக்குப் புடிவாதம் ஜாஸ்தி. அவங்க அம்மாவே அப்படித்தான் சொல்லும். பாகூர்ல நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பம். பக்கத்து நெலத்துக்காரன் வரப்ப வெட்டுறான்னு ஸ்கூல் யூனிபார்மோடயே போயி மண்வெட்டியப் புடுங்கிக்கிட்டு வந்தவ. பாலிடெக்னிக் முடிச்சதும் வில்லியனூர் பக்கத்துல எங்க வண்டி டெஸ்டிங் லேபுல சேந்தா. நான் சுகன்யா, அவளுக்குப் பக்கத்து சீட்டு. எனக்கு வாய் ஜாஸ்தி. அதனால ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப்போச்சு.

பெட்ரோல் கார் விடுற புகையில எவ்வளவு நுண்துகள் இருக்குன்னு எண்ணுற மெஷின் அவ பொறுப்பு. டீசல் புகைன்னா கண்ணுக்குத் தெரியும். பெட்ரோல்ல ஒண்ணும் தெரியாது, ஆனா மூச்சோட உள்ள போயி நுரையீரல்ல உக்காந்துக்கும். காரை ராத்திரி முழுக்க ஏசி ரூமுல போட்டு, இஞ்சினக் குளிர வெச்சு, காலைல நின்ன எடத்துலயே சக்கரம் சுத்துற உருளை மேல ஏத்தி ஓட்டணும். காரு அதேதான், பெட்ரோலும் அதேதான். அப்போ நம்பரும் ஒத்து வரணுமில்ல?

வரல. ஒரு நாள் ஓட்டினா காரு ஜம்முனு பாஸ். இன்னொரு நாள் அரசாங்கம் வெச்ச எல்லையத் தாண்டி நிக்குது. எங்க லேபு நம்பர நம்பலாமான்னு பாக்க வெளியிலேருந்து ஆடிட்டுக்கு ஆள் வரப்போற நேரம். மேனேஜர் விஜயராஜ் சார் இளவரசியக் கூப்பிட்டார்.

"ஏறின நம்பரெல்லாம் உன் கைத்தப்பும்மா, குழாய ஒழுங்கா மாட்டியிருக்க மாட்ட"ன்னார். "கம்மியா வந்ததே சரின்னு வெச்சுக்குவோம். ஆடிட்லயும் நம்பர் இப்படி ஏறி எறங்கி ஆடுச்சுன்னா உன்ன அந்த ரூமுலேருந்து எடுத்துடுவேன்."

எனக்கு வந்துச்சே கோவம்! மெஷின் வந்து எறங்கின நாள்லேருந்து அந்த ரூமுக்கு ஒழைச்சவ அவ. ஆனாலும் பயத்துல, "அவர் கேக்குற நம்பரையே குடுத்துட்டுப் போயேன்டி"ன்னேன்.

"எது நெசம்னு தெரியாம எப்படிடி கையெழுத்துப் போடுறது?"ன்னா.

குழாய மாத்தினா. பில்டர மாத்தினா. மெஷினயே கழட்டித் தொடைச்சு மாட்டினா. ஒண்ணும் ஆவல. ஒரு வெள்ளிக்கெழம காலைல, உருளை மேல நின்ன காரோட பானெட்டுல சும்மா கைய வெச்சவ அப்படியே நின்னுட்டா.

"சுகன்யா, இங்க வந்து தொட்டுப் பாரு."

தொட்டேன். வெதுவெதுன்னு இருந்துச்சு. ராத்திரி முழுக்க ஏசியில கெடந்த வண்டி எப்படிச் சுடும்? இத்தினி நாளும் ரூமோட குளிரத்தான் பாத்தோம், இஞ்சினத் தொட்டே பாக்கல. அன்னிக்கும் காரு பாஸ். நோட்டப் பொரட்டிப் பாத்தா, பாஸ் ஆன நாளெல்லாம் வெள்ளி, இல்லன்னா அமாவாசை.

அடுத்து வந்த அமாவாசைக்கு மொத பஸ்ஸப் புடிச்சு வந்துட்டா. என்னையும் இழுத்துக்கிட்டு வந்தா, தூக்கம் போன கடுப்புல வழியெல்லாம் திட்டினேன். லேபு டிரைவரு அருள்முருகன் அண்ணன் ஏசி ரூம் வாசல்ல நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாரு. வண்டிய ஸ்டார்ட் பண்ணி நசுக்கினாரு. இஞ்சின் ஓடஓடவே எறங்கி, கற்பூரம் சுத்தி, பொட்டு வெச்சுட்டுத்தான் உருளைக்கு ஓட்டிக்கிட்டுப் போனாரு. மத்த நாள்ல ஸ்டார்ட் பண்ணாம, ஆளுங்கள வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போற வண்டி.

"இன்னாண்ணா இது?"ன்னா இளவரசி.

"திருஷ்டி கழிக்கிறம்மா. வெள்ளி, அமாவாசைல்லாம் விடவே மாட்டேன். எல்லாம் உனக்காகத்தான். நான் பழம் வெச்ச நாளெல்லாம் பாஸ் ஆவுது பாரு!"

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அவ சிரிக்கல. பெட்ரோல் இஞ்சின் குளுந்து கெடந்து மொத மொதல்ல ஸ்டார்ட் ஆவும்போதுதான் துகள அள்ளிக் கொட்டும். அத்தனையும் வாசல்லயே போயிட்டா மெஷினுக்கு இன்னா மிஞ்சும்?

"அப்போ பாஸ் ஆனதுதான்டி தப்பு. ஏறினதுதான் சரி"ன்னா. அந்த பாஸ் ரிப்போர்ட்டெல்லாம் அவ கையெழுத்தோட கார் கம்பெனிக்குப் போயி சேந்தாச்சே!

"வாய மூடிக்கிட்டு இருடி, தாயே"ன்னு கையப் புடிச்சேன். உதறிட்டு நேரா மேனேஜர் ரூமுக்குப் போனா. "சார், நான் அனுப்பின பாஸ் ரிப்போர்ட்டெல்லாம் தப்பு. திருப்பி வாங்கணும்."

அவர் எகிறு எகிறுன்னு எகிறினார். அவ அசையல. "ஆடிட்டர் முன்னாடியே ஓட்டுவோம் சார். நம்பர் ஆடுச்சுன்னா நானே ரூம விட்டுப் போயிடுறேன்." அதுக்கு மட்டும் ஒத்துக்கிட்டார்.

விஷயம் தெரிஞ்சதும் அருள்முருகன் அண்ணன் சங்கடத்துல தலைய நிமித்தவே இல்ல. "நீ பழத்த வெய்யிண்ணா"ன்னா. "சாவி மட்டும் எங்கிட்ட இருக்கட்டும். தள்ளி நசுக்கிக்கலாம்." தள்ளினாலும் நசுங்கத்தான செய்யும்னு அவரும் ஒத்துக்கிட்டாரு.

ஆடிட் நடந்த மூணு காலையும் தள்ளினோம். யப்பா, இன்னா கனம்! எனக்கு இடுப்பே வுட்டுப்போச்சு. மொத நாள் நம்பரு எல்லையத் தாண்டுச்சு. ரெண்டாம் நாளும் கிட்டத்தட்ட அதே நம்பரு. மூணாம் நாளும் அப்படியே. ஆடிட்டர் மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு, "இந்த ரூம நம்பலாம்"னாரு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

ஆனா காரு பெயிலு. மேனேஜர்தான் கார் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லணும். அந்தப் பக்கம் கத்துறது எங்களுக்கே கேட்டுச்சு. இன்னொரு வாட்டி ஓட்டுங்க, அந்தப் பொண்ண மாத்திட்டு ஓட்டுங்கன்னு ஒரே சத்தம். இளவரசி அவர் மேசைக்கு முன்னாடி போயி நின்னா.

விஜயராஜ் சார் அவளப் பாத்துக்கிட்டே சொன்னார்: "யார் ஓட்டினாலும், எத்தினி வாட்டி ஓட்டினாலும், இதேதான் சார் வரும்."