சீக்கிரம் படுக்கப் போன நட்சத்திரம்

பாகலூர் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் கிணறு ஒன்று, பங்கு இரண்டு. என் கணவருக்குப் பெங்களூரில் ஆலை வேலை. அவர் பங்குக் கேழ்வரகு என் தலையில். கோடையில் மாடுகள் பகலில் சோர்ந்துவிடும் என்பதால் இருட்டிய பிறகுதான் மாடு இழுக்கும் கவலை ஏற்றத்தைப் பூட்டித் தண்ணீர் இறைப்போம். இறைக்கும் முறை முதலில் கணவரின் அண்ணனுக்கு, அதாவது என் மச்சாண்டாருக்கு. வடமேற்கே மஞ்சளாக மின்னும் பெரிய நட்சத்திரம் குன்றுக்குப் பின்னால் இறங்கியதும் முறை எனக்கு மாறும். கடிகாரம் யாரிடமும் இல்லை. மஞ்ச மீனு பொய் சொல்லாது என்று ஊரே நம்பியது.

பொய் சொல்லவில்லைதான். ஆனால் நாளுக்கு நாள் சற்று முந்தியே இறங்கியது. வருஷாவருஷம் நடப்பதுதான், அந்த வருஷம் கிணறு வற்றியதால் மச்சாண்டார் கண்ணில் பட்டுவிட்டது. மாடுகளைத் தெலுங்கில் திட்டுகிறவர், நட்சத்திரத்தைக் கன்னடத்தில் திட்டினார். ஓசூரிலிருந்து வந்திருந்த வாத்தியாரிடம் போய் முறையிட்டார்.

"அதும் பேரு பிரம்மஹிருதயம். வயசாயிடுச்சுங்க அதுக்கு, ஊதிப் பெருத்துப்போச்சு" என்று அந்த மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லிவிட்டார்.

போதாதா? அன்றே ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினார் மச்சாண்டார். "கெழவனுக்கு முடியலே, சீக்கிரம் படுக்கப் போயிடுறான். அதுக்கு நான் என்னா பண்றது? அவன் எறங்கினப்புறமும் நான் கொஞ்ச நேரம் எறைக்கணும்."

பெரியவர்கள் எல்லோருமே சீக்கிரம் படுக்கப் போகிறவர்கள். நட்சத்திரத்தின்மேல் அவர்களுக்கு அப்படியோர் இரக்கம்; சரி என்றுவிட்டார்கள். என் முறை வரும்போது கிணற்றில் சேறுதான் மிஞ்சியது. பயிர் நுனி கருகத் தொடங்கியது.

பிறகொரு நாள் இருட்டியும் மீன் தெரியவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே இறங்கியிருக்க வேண்டும்; அப்படியானால் இருட்டியதும் முறை எனக்குத்தான். நான் மாடுகளைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குப் போனபோது, மச்சாண்டார் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு நின்றிருந்தார்.

"கெழவன் செத்துட்டாம்மா. தீட்டு. இன்னைக்கு யாரும் கவலை ஓட்டக் கூடாது."

நடிப்பில்லை, கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மாடுகளை நுகத்தில் பூட்டினேன்.

"செத்தவருக்கு நீங்க அழுங்க மாமா. என் பயிருக்கு இன்னும் உசுரு இருக்குது."

அவர் குன்றை நோக்கி ஒரு கும்பிடு போட்டார். பிறகு ஈர வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், என் வயலுக்குப் போகும் மடையைத் திறந்துவிட்டார்.