அவசரத்தில் அடித்த மொட்டை

மார்பகப் புற்றுநோய் திரும்ப வந்துவிட்டது என்ற டாக்டரம்மா, "அதே சிவப்பு மருந்துதான்" என்றார். அதற்குமேல் அவர் சொன்ன எதுவும் என் காதிலும் ஏறவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் காதிலும் ஏறவில்லை. போன முறை அந்த மருந்து ஏற்றியபோது தலையணையெல்லாம் கொத்துக் கொத்தாக முடி கிடந்தது.

"அதுவா கொட்டறதுக்கு முன்னாடி நானே சாமிக்குக் குடுத்துடறேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, மறுநாளே எங்கள் ஊர் வேங்கிக்காலிலிருந்து கோயிலுக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டேன்.

மருந்து ஏற்றப் போன அன்று டாக்டரம்மா பதறிவிட்டார். "யாரும்மா உங்கள மொட்டை அடிக்கச் சொன்னது?"

"எப்படியும் கொட்டிடுமே டாக்டர்."

"அன்னிக்கே சொன்னேனே! மருந்து அதேதான். ஆனா இது கண்ணுக்கே தெரியாத கொழுப்பு உருண்டைக்குள்ள அடைச்சு வருது. கட்டியில ஜாஸ்தி இறங்கும், மத்த இடத்துல கம்மி. முடி அவ்வளவா கொட்டாது. லேப்ல செஞ்சு, எலிக்குப் போட்டு, அப்புறம் மனுஷங்களுக்குப் போட்டுப் பார்த்து, இங்க வர எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா?"

கணவர் என் தலையைப் பார்த்தார். நோய் திரும்பியதிலிருந்து மறந்துபோயிருந்த சிரிப்பு இருவருக்கும் ஒன்றாக வந்தது.

மருந்து ஏற ஏற முடியும் முளைத்தது. ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. குட்டை முடியைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "வேண்டுதலாம்மா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, அவசரம்" என்றேன்.

எலியில் தொடங்கி என் நரம்புக்கு வந்து சேர அந்த மருந்து அத்தனை வருடம் பொறுத்திருந்தது. எனக்குத்தான் டாக்டரம்மா பேசி முடிக்கும்வரை பொறுக்க முடியவில்லை.