மூன்று பாட்டுக்கு ஒரு பிள்ளையார்

பாட்டு ஏற்றிக் கொடுக்கும் தொழிலுக்குப் பாடத் தெரிய வேண்டாம், திட்டு வாங்கத் தெரிந்தால் போதும். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருக்கும் சாலையில், பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் பாட்டு ஏற்றும் சின்னக் கடை என்னுடையது. எல்லார் போனிலும் பாட்டு இலவசமாக வர ஆரம்பித்ததிலிருந்து கடைக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது. கடைசியாக மிஞ்சியிருந்த நிரந்தர வாடிக்கை எதிர்ப் பட்டறைப் பெண்கள். அவர்களும் போனில் பாட்டுக் கேட்கும் ஆப்புக்கு மாறிவிட்டார்கள். "பொங்கலோட கடையைப் பூட்டிடும்மா" என்கிறாள் மகள். கடை வைத்து நொந்தவர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

தாய்மாமன் கோபம்

கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு காதுகுத்து. மைக் செட்டுக்கு நான்தான் பாட்டு ஏற்றிக் கொடுத்தேன். நான் பாட்டு இறக்கும் வெப்சைட்காரன், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் தன் வெப்சைட் பெயரைக் கம்பீரமாகச் சொல்லி வைத்திருப்பான். கேட்க ஆள் பெயர் மாதிரியே இருக்கும். அதை வெட்டி எடுக்க வேண்டும். அன்று முதுகுவலி, விட்டுவிட்டேன். மறுநாள் கடை திறக்கும் முன்பே பிள்ளையின் தாய்மாமன் வந்து நின்றார்.

"சீர் தூக்கியாந்தவன் நானு. எம் பேரை மைக்குல ஒருவாட்டிதான் சொன்னாங்க. பாட்டுக்குப் பாட்டு ஒருத்தன் பேரு வருதே, அவன் எந்த வழியில சொந்தம்?"

பாடியவர்

திட்டக்குடிப் பக்கமிருந்து ஒருவர் வந்து ஓர் அம்மன் பாட்டைக் கேட்டார். போட்டுக் காட்டினேன். கண்ணை மூடி முழுவதும் கேட்டுவிட்டு, "பாடினது நான்தாங்க, எங்கிட்ட காப்பி இல்ல" என்றார். கரும்பு ஏற்றிப் போகும் எத்தனை டிராக்டருக்கு அதை ஏற்றிக் கொடுத்திருப்பேன்! போலீசுக்குப் போவாரோ என்று பயந்து டீ வாங்கிக் கொடுத்தேன். நிதானமாகக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"திருடினதுக்குக் கோவமில்லம்மா. பாட்டுக்கு முன்னால எவனோ பேரு வருதே, அந்த இடத்துல எம் பேரைப் போட்டிருக்கலாம்ல?"

கம்பெனிக்காரர்

ஒரு பாட்டுக் கம்பெனியிலிருந்து பளபளவென்று ஷூ போட்ட ஒருவர் வந்தார். இது திருட்டு, வாடிக்கைக்காரர்களை ஆப்பில் மாதாமாதம் பணம் கட்டிக் கேட்கச் சொல்லுங்கள் என்றார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"சார், பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏத்திக்கிட்டுப் போற டிராக்டருக்கு வழியில பாதி தூரம் டவரே இல்ல. நீங்களே நல்ல பாட்டா பொறுக்கி, பாடுனவரு பேரோட கார்டுல போட்டுக் கொடுங்க. நேர் வழியில வித்துட்டுப் போறேன்."

எழுத டைரியைத் திறந்தவர், யோசித்துவிட்டு மூடினார்.

"நல்ல யோசனைதாங்க மேடம். ஆனா யோசனை கேக்குறது எங்க செக்‌ஷன் இல்ல. நாங்க தடுக்கறது மட்டும்தான்."

தும்பிக்கை

எதிர்ப் பட்டறையில் பிள்ளையார் பொம்மைக்குக் களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுவார்கள். அச்சின் உட்பக்கம் தேவையான கனத்துக்கு மண் ஒட்டியதும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட வேண்டும். அதற்கு மூன்று பாட்டு நேரம். கையெல்லாம் மண்ணாக இருக்க, கடிகாரத்தை யார் பார்ப்பது? அதனால் ஒரே நீளமுள்ள பாட்டுகளாகப் பொறுக்கித்தான் அவர்களுக்கு ஏற்றிக் கொடுப்பேன்.

போன வாரம் அந்தப் பட்டறை செல்வி, உடைந்த பிள்ளையாரோடு வந்து நின்றாள். பழைய கார்டில் மறுபடி பாட்டு ஏற்ற வேண்டுமாம். ஆப்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன், கொஞ்சம் சந்தோஷமாகத்தான்.

"அதுல நடுநடுவுல சோப்பு விளம்பரம் வருதுக்கா. அதையும் பாட்டாவே பாடுறானுவ. நாங்க அதையும் ஒண்ணுன்னு எண்ணி, மண்ணு கனமா ஒட்டுறதுக்கு முன்னாடியே கவுத்துட்டோம். இப்ப எந்தப் பிள்ளையாரைத் தூக்கினாலும் தும்பிக்கை கையோட வருது."

அந்தக் கார்டில் அம்மன் பாட்டுக்கு முன்னால் வெப்சைட்காரனை வெட்டிவிட்டு, பாடியவர் பெயரை என் குரலிலேயே சேர்த்துக் கொடுத்துவிட்டேன். கம்பெனிக்காரர் தடுக்க வரும்வரை என் மகள் பூட்டோடு காத்திருக்கட்டும்.