தாழைக்கால் வீடு

இந்த ஊரில் வீடுகள் தரையில் உட்கார்ந்திருக்கின்றன. ரங்கூனிலேயே தங்கிவிட்ட உங்களுக்கு இதிலென்ன என்று தோன்றும். என்னைப் போல ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஓடிவந்தவர்களுக்குப் புரியும். அங்கே எங்கள் வீடு தேக்குக் கால்களின் மேல் நின்றது. மழைத் தண்ணீர் கீழே வரும், போகும். மேலே நாங்கள் பாட்டுக்குச் சோறு தின்போம். இங்கே அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், மணலில் குடிசை போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். சந்தோஷப்படுவதற்கு முன்னால் எனக்குக் கவலை வந்துவிட்டது. தண்ணீர் ஏறினால்?

அதனால் ரங்கூன் மாதிரியே நாலு சவுக்குக் கழியை நேராக நட்டு, மார் உயரத்தில் பலகை போட்டு, அதன்மேல் வீடு கட்டினேன். பக்கத்துக் குடிசை அந்தோணியம்மா, மீன் கூடையை இறக்காமலே நின்று பார்த்தாள்.

"இன்னா நைனா, வூட்டுக்குக் கால் வச்சிக்கினு கீற? எங்கனா எழுந்து போயிடப் போவுது."

"தண்ணிக்குத்தான்" என்றேன். தாகம் என்று நினைத்து ஒரு சொம்பு கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

வீடு எழுந்து போகவில்லை, சாய்ந்தது. ரங்கூன் களிமண் கழியைக் கவ்விப் பிடிக்கும். இந்த மணல் ஒரு மத்தியானக் காற்றுக்கே விட்டுவிட்டது. உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி செல்லம், பிள்ளைத்தாய்ச்சி, முறத்தோடு வாசல்வரை சறுக்கி வந்தாள். நல்லவேளை, அடிபடவில்லை.

"இன்னொரு தடவை சாஞ்சா நான் ராமநாதபுரம் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். பிள்ளை அங்கேயே பிறந்து அங்கேயே வளரட்டும். நீங்க இங்க தனியா இருந்து கவலைப்பட்டுக்கிட்டு இருங்க" என்றாள்.

அன்று சாயந்திரம் அதே காற்றில் கரையோரம் நடந்தேன். ஒரு தாழை, அதே மணலில், சாயாத தைரியத்தோடு நின்றது. நடுத்தண்டிலிருந்து சுற்றிலும் வேர்களைச் சரிவாக இறக்கி, சடுகுடு ஆடுகிறவன் காலை அகட்டி நிற்பதுபோல. காற்று இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கத்துக் கால் வாங்கிக்கொள்கிறது. தோளால் முட்டிப் பார்த்தேன். கொஞ்சம் ஆடி, திரும்பி வந்தது. மூணாங் கிளாஸோடு பள்ளியை விட்டவன் நான். இதற்கெல்லாம் கணக்கு இருக்குமாம். எனக்குப் பார்த்ததுதான் தெரியும்.

மயிலாப்பூரில் நான் கூலிக்கு விறகு பிளக்கும் விறகுக்கடை முதலாளியிடம் கழி கேட்டேன். "கோணக்கழியெல்லாம் எடுத்துக்கினு போ, எனக்கும் எடம் காலியாவும்" என்றார். சாய்த்து ஊன்றுவதற்குக் கோணல் இருந்தால் என்ன? வீட்டை நிமிர்த்தி, ஒவ்வொரு காலுக்கும் மூன்று பக்கம் முட்டுக் கொடுத்தேன். ஆணியை எடுத்தபோது அந்தோணியம்மா தடுத்தாள்.

"பொளந்துக்கும் நைனா, கட்டு. கட்டுமரத்துல இன்னா ஆணியா கீது?" பழைய கயிற்றுச் சுருளையும் அவளே தூக்கிப்போட்டாள்.

ஐப்பசி மழை பிடித்தது. கடல் ஏறி நிற்க, ஆற்றுத் தண்ணீர் போக இடமில்லாமல் எங்கள் பக்கம் திரும்பியது. செல்லம் துணி மூட்டையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீடு ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வீடு தாழையைப் போலவே ஆடி, திரும்பி வந்து நின்றது. கீழே முழங்கால் தண்ணீரில், அடுப்பைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தோணியம்மா வந்தாள்.

"ஓடிப்போற வூட்ல எடம் கீதா நைனா?"

செல்லம் சிரித்துவிட்டாள். மூட்டையை அவிழ்த்து, துவட்டிக்கொள்ள அவளுக்கு ஒரு சேலை கொடுத்தாள். இன்னொரு சேலையை எடுத்து உத்தரத்தில் தூளி கட்டி, கையால் இழுத்துப் பார்த்தாள்.

"தாங்கும்ல?"

தலையாட்டினேன்.

இப்போது அந்தத் தூளியில் என் மகள் தூங்குகிறாள். அகதியாய் வந்தவனுக்குக் கழி கொடுத்தார்கள், கயிறு கொடுத்தார்கள். நிற்கும் விதத்தைத் தாழை காட்டியது. என் வீட்டுக்குத் தளம் ரங்கூன், கால் அடையாறு. நான் மட்டும் சாயந்திரங்களில் வீட்டு ஏணியின் நடுப்படியில் உட்கார்ந்து, ஆறு கடலுக்குப் போகும் பக்கத்தைப் பார்க்கிறேன். ரங்கூன் கப்பல்கள் அந்தக் கடலில்தான் வரும். கீழே மீன் கழுவும் அந்தோணியம்மா நிமிர்ந்து பார்க்கிறாள்.

"ஏறு, இல்லாங்காட்டி எறங்கு நைனா."

இதோ, என்கிறேன். அசையவில்லை.