பெட்டிக்குள் போன பார்

எங்கள் பேசாலைக் கரையில் ஜி.பி.எஸ் பெட்டியைப் பற்றி ஆளுக்கொரு கொள்கை. ஒருவர் அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் அதைக் கட்டிவைத்து, இரண்டையும் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் எஞ்சினை இழுப்பார். இன்னொருவர் இந்திய எல்லைப் பக்கம் போனால் மட்டும் போடுவார், மற்ற நேரம் பற்றரிக்குக் கேடு என்பார். நான் அது இல்லாமல் கரையை விட்டு நகரமாட்டேன். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், அதைத் தன் கண்ணிலும் காட்டக்கூடாது என்ற கட்சி.

"அதை என்ரை படகிலை ஏத்தாதை. அதுக்கு ஒருக்காச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி" என்பார். பேசாலையின் கடைசிப் பிடிவாதக்காரன் என்று எல்லார் முன்னாலும் அவரை நக்கலடித்திருக்கிறேன்.

அவருக்கு ஒரு பார் தெரியும். கடலுக்கடியில் கிடக்கும் கற்பாறையைத்தான் பார் என்போம். விளைமீன் அங்கேதான் நிற்கும். கோயில் கோபுரமும் ரெலிபோன் கோபுரமும் ஒன்றையொன்று மறைக்கும் நேருக்குப் போய், ஈயக்குண்டை இறக்கி ஆழம் பார்த்து இடத்தைப் பிடிப்பார். யாரையும் அங்கே கூட்டிப்போனதில்லை. போன வருஷம் என் எஞ்சின் பழுதாகி நான் சும்மா கிடந்தபோது, தங்கை வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று என்னைக் கூட்டிப்போனார். என் சாப்பாட்டுப் பைக்குள் பெட்டியும் வந்தது. அவர் நங்கூரம் போடக் குனிந்த நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்தி அந்த இடத்தைப் பதிந்துகொண்டேன்.

பிறகு ஒருநாள் கூட்டாளி ஒருவன் அந்தப் பெட்டியை இரவல் கேட்டான். கொடுக்குமுன் அந்த இடத்தை அழித்திருக்கலாம். மறந்துபோனேன் என்று முதலில் எனக்கே சொல்லிப் பார்த்தேன். பொய். அழித்தால் எனக்கும் அது இல்லாமல் போய்விடுமே என்று விட்டுவிட்டேன். கூட்டாளி யோக்கியன், தோண்டிப் பார்க்கமாட்டான் என்று நினைத்தேன். மச்சானும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருப்பார்.

இப்போது அந்தப் பாரின் மேல் பஸ் நிலையம் போலப் படகுகள். வலை போட்டு வழித்தெடுத்துவிட்டார்கள். மச்சான் தன் படகைக் கரையில் கவிழ்த்துவிட்டு, இந்த வயதில் இன்னொருவன் படகில் கூலிக்குப் போகிறார். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் நினைக்கிறேன், பிறகு அடுத்த கிழமைக்குத் தள்ளிவைக்கிறேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தார். கதிரையில் அமர்ந்து பிளேன்ரீ குடித்தவர், மேசையில் கிடந்த பெட்டியை முதல்தடவையாகக் கையில் எடுத்தார்.

"இது எல்லாத்தையும் ஞாபகம் வைச்சிருக்கும் எண்டுதானே சொல்லுவாய்? என்ரை பாரைக் காட்டிக்குடுத்தது ஆர் எண்டு இதிலை பாக்கேலாதோ?"

"அது அப்பிடியெல்லாம் காட்டாது, மச்சான்."

"நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று பெட்டியை என் கையில் தந்துவிட்டு, மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார்.